வந்தவர்களை எண்ணாத அறிக்கை

புள்ளியியல் துறையில் அந்த அம்மாளுக்குக் ‘கோட்டம்மா’ என்று பட்டப்பெயர். எந்த மாவட்டத்தைச் சொன்னாலும், அங்கே சனம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தாளில் ஒரு கோடு இழுத்துக் காட்டிவிடுவாள். வடக்கு ஊர்களிலிருந்து ஆட்கள் துறைமுகப் பக்கம் போய்க்கொண்டேதான் இருப்பார்கள், பள்ளிகள் காலியாகும் என்று பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவள் அறிக்கையில் எழுதியது அப்படியே பலித்தது. இப்போது அந்த அறிக்கையை வைத்தே வடக்கே ஒரு செங்கல் சூளை ஊரின் பள்ளியை மூட உத்தரவு தயார். அவள் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

பள்ளியில் பதினோரு அறைகள். ஏழு பூட்டிக் கிடந்தன. மொத்தம் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். தலைமையாசிரியர் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். “பாத்துக்கங்க மேடம். உள்ள தூசிதான் இருக்கு.”

கோட்டம்மா உள்ளே பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே, சூளைக் குடியிருப்பின் கொடிகளில் வரிசையாகக் காய்ந்த குட்டிச் சட்டைகளைப் பார்த்தாள்.

“அதெல்லாம் யார் வீட்டுப் பிள்ளைங்களோடது சார்?”

“கிழக்கேயிருந்து வேலைக்கு வந்தவங்களோடது. அதுங்க கணக்குல வராது மேடம். பேரு சொந்த ஊர்ப் பதிவுல இருக்கு. இங்க பதிவில்லாம எப்படிச் சேக்கறது?”

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் கோடு இழுத்ததும் அந்தப் பதிவேட்டை நம்பித்தான். பேனாவைச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று குடியிருப்புக்கு நடந்தாள். தலைமையாசிரியர் பின்னாலேயே ஓடினார்.

முதல் வீட்டில், இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண் மேலும் கீழும் பார்த்தாள். “எண்ணிட்டுப் போவீங்க. அப்புறம் எட்டிக்கூடப் பாக்க மாட்டீங்க.”

“எத்தனை வருசமா இருக்கீங்கம்மா?”

“ஆறு. இதோ, இவ இங்கதான் பொறந்தா.”

“ஊருக்குத் திரும்பற யோசனை இருக்கா?”

“எங்க போறதுக்கா? தம்பி, நாத்தனார் எல்லாரும் இங்க வந்தாச்சு. பெரியவன்தான் படிக்காம சும்மா சுத்தறான்.”

சாயங்காலத்துக்குள் வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டாள். பள்ளி வயதில் நூற்று நாற்பத்துமூன்று பேர்.

அவள் உத்தரவில் கையெழுத்துப் போடவில்லை என்று தெரிந்து, மறுநாள் இயக்குநர் அவளைக் கூப்பிட்டுக் கடுப்போடு கேட்டார். “மூடணும்னு எழுதினதே நீங்கதானேம்மா?”

“நான்தான் சார். போனவங்களை எண்ணினேன், வந்தவங்களை விட்டுட்டேன். தப்பு என்னுது. திருத்தறதும் நானே.”

“இங்க பதிவில்லாத பிள்ளைங்களைச் சேக்க விதி இல்லையே?”

“பேரு எந்த ஊர்ல இருந்தாலும், பிள்ளை எங்க தூங்குதோ அங்க படிக்கட்டும். இந்த ஒரு வரி போதும். எழுதிக் கொண்டு வந்திருக்கேன்.”

இயக்குநர் மூன்று வாரம் இழுத்தடித்தார். அவள் தினமும் போய் அவர் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கடைசியில் கையெழுத்து விழுந்தது. அந்தச் சூட்டோடு, மூடப் போகிற இன்னும் ஐந்து ஊர்களுக்கும் ஆள் அனுப்பி, வந்தவர்களை எண்ணச் சொன்னாள்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று காலை தலைமையாசிரியர் போனில் கத்தினார். பின்னால் ஒரே இரைச்சல். “மேடம், ஏழு ரூமையும் திறந்துட்டேன்! பாதிப் பிள்ளைங்க தரையில உக்காந்திருக்கு! பெஞ்சுக்கு நான் எங்க போறது?”

“லாரி கிளம்பியாச்சு சார். மத்தியானம் வந்துடும்,” என்றாள் கோட்டம்மா.