கம்பியில் வந்தது

கட்டிலுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு நளினி அந்தக் கம்பியை மறுபடியும் பிடுங்கிச் செருகினாள்.

"இப்ப எப்படியிருக்கு?"

"அதே கந்தரகோலம்தான்க்கா," என்றாள் பாஹிமா. மாடி வீட்டுக்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டூட்டி முடித்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேராக இங்கே வந்து, சேதுராமனின் நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நளினி வெளியே வந்து பார்த்தாள். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய சின்னத் திரையில் இரண்டு வரி முழுக்க ஜப்பானிய எழுத்து மாதிரி நெளிவுகளும் கறுப்புக் கட்டங்களும். தலையணையில் சாய்ந்து கிடந்த அவள் புருஷன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நரம்பு நோய் சேதுராமனிடமிருந்து கால், கை, குரல் என்று ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டு, வலது கை விரல்களில் மட்டும் கொஞ்சம் உயிரை விட்டுவைத்திருந்தது. நளினி இந்த வளைகுடா நாட்டில், சோஹார் ஊர்த் தொழிற்சாலை ஒன்றில் கருவிகளைச் சரிபார்க்கும் இன்ஜினியர். சும்மா விடுவாளா? ஐந்து விரலுக்கும் அடியில் ஐந்து பட்டன் வைத்து ஒரு பெட்டி செய்தாள். எந்தெந்த விரலைச் சேர்த்து அழுத்துகிறாரோ அதற்கேற்ற எழுத்து கம்பி வழியே போய்த் திரையில் விழும். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். ரூவி கம்பெனி ஒன்றில் காலமெல்லாம் கணக்கு எழுதியவருக்கு அந்த விரல் கணக்கு வெகு சீக்கிரம் படிந்துவிட்டது.

நேற்று, கம்பியில் வருவதை வாங்கித் திரைக்குக் கொடுக்கும் மின்சுற்றுப் பலகை திடீரென்று செத்துப்போனது. கடைத்தெருவில் அதே மாதிரி ஒன்றை வாங்கிவந்து மாட்டினாள். அந்த நேரம் பார்த்துத்தான் டாக்டரும் வந்து, இனி பக்கத்திலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று விடிந்ததிலிருந்து சேதுராமனின் விரல்கள் ஓயாமல் அழுத்திக்கொண்டிருந்தன. என்னமோ சொல்கிறார். என்னவென்று படிக்க முடியவில்லை. அதுதான் நளினியைக் கொன்றது.

"ஏங்க, வலிக்குதா?"

கண்ணை ஒருமுறை மூடினால் ஆமாம். அவர் மூடவில்லை.

"தண்ணியா? நம்ம புள்ள ஷ்யாம் வந்துட்டிருக்கான், பார்டர் தாண்டிட்டானாம். அவனக் கேக்குறீங்களா?"

எதற்கும் மூடவில்லை. விரல்கள் மட்டும் மறுபடி அசைந்தன.

"அக்கா, அத விட்டுட்டு அண்ணன் பக்கத்துல வந்து உக்காருங்க," என்றாள் பாஹிமா. அவள் குரலில் ஆஸ்பத்திரி தெரிந்தது.

"அவர் பேசிட்டிருக்காரு பாஹிமா. காதைப் பொத்திக்கிட்டு நான் எப்படி உக்கார்றது?"

இன்ஜினியர் மூளை என்பது சந்தேகப் பிராணி. கம்பியைச் சந்தேகப்பட்டாள், கம்பி நன்றாக இருந்தது. திரையைச் சந்தேகப்பட்டாள். சுவிட்சைத் தட்டியதும் 'ரெடி' என்று அது அழகாகக் காட்டிவிட்டுத்தான் உளற ஆரம்பித்தது. அனுப்பும் வேகமும் வாங்கும் வேகமும் ஒன்றாக இருக்கிறதா என்று லேப்டாப்பில் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே எண்தான். டூட்டி பையிலிருந்து, மின்துடிப்பைக் கோடாகக் காட்டும் கையடக்க ஆஸிலாஸ்கோப்பை எடுத்து, கம்பியில் என்னதான் வருகிறது என்று கொக்கியை மாட்டினாள்.

பச்சைக் கோடு ஏறி இறங்கியது. சீப்புப் பல் மாதிரி, ஒரே அகலத்தில், ஒரே இடைவெளியில். பேச்சு இப்படி வராது. எழுத்துக்கு எழுத்து கோடு கோணலும் மாணலுமாகத்தான் இருக்கும். இப்படி ஒழுங்காக வருவது ஒரே ஒரு எழுத்துக்குத்தான்.

U. சோதனைக்கென்றே அனுப்பும் எழுத்து. ஒன்றும் பூஜ்ஜியமும் மாறி மாறிப் போகும், ஒரு பல்லை அளந்தால் வேகம் தெரிந்துவிடும். பெட்டியைச் செய்த நாட்களில் ஒரு சாயங்காலம் முழுக்க அவரை அதையே அழுத்தவைத்திருந்தாள். அப்போது அவருக்குக் குழறலாகக் கொஞ்சம் பேச்சு இருந்தது. "உன் பெட்டிக்கு வேற எழுத்தே தெரியாதாடி?" என்று கேட்டு, கேட்ட சிரமத்தில் இருமினார்.

நளினிக்கு அப்போதுதான் விளங்கியது. காலையிலிருந்து இந்த மனுஷன் எதையும் கேட்கவில்லை. அவள் ரிப்பேர் பார்ப்பதைப் பார்த்து, இருக்கிற உயிரையெல்லாம் விரலில் கூட்டி, அவளுக்குக் கூடமாட வேலை செய்துகொண்டிருந்திருக்கிறார்.

பல்லை அளந்தாள். அவர் பக்கத்து வேகம் துல்லியமாக இருந்தது. அப்படியானால் கோளாறு இவள் வாங்கிவந்த பலகையில். செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாள். அதன் ஓட்ட வேகம் பதினாறு என்று இருக்கவேண்டிய இடத்தில் எட்டு. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும் இரண்டு வகையில், பாதி வேகத்தில் ஓடுவதை எடுத்து வந்திருக்கிறாள். அவர் சொல்லச் சொல்ல அது பாதி வேகத்தில் கேட்டுக் குழம்பியிருக்கிறது. புரோகிராமில் பலகை வகையை மாற்றி ஏற்றினாள்.

திரையில் ஒரு U வந்தது. பிறகு இன்னொன்று.

"வந்துருச்சுங்க!" என்று கத்தினாள்.

சேதுராமன் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். அவள் அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இந்த மனுஷனோடு வாழக் கிடைத்ததே என்று நெஞ்சு நிறைந்து வழிந்தது. எதுவானாலும் சொல்லட்டும் என்று கையைப் பட்டன்களின் மேல் வைத்தாள்.

ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் நெடுநேரம் ஆனது. 'பாஹிமா காபி' என்று வந்தது.

"ஐயோ, ஆமா! ராத்திரியெல்லாம் கண் முழிச்சவளுக்கு ஒரு வாய் காபி குடுக்கல நான்."

"அதெல்லாம் அப்புறம் ஆகட்டும்க்கா," என்ற பாஹிமா, பேச்சை நிறுத்திவிட்டு அவர் நெஞ்சைப் பார்த்தாள். மூச்சு வந்து, நின்று, யோசித்து வந்தது. நளினி அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்கான ஜும்ஆ பாங்கு முடிந்த சற்று நேரத்தில் அந்த மூச்சு வராமலே இருந்துவிட்டது.

ஷ்யாம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுது ஓய்ந்தபின், "கடைசியா என்னம்மா சொன்னாரு? எனக்கு ஏதாவது..." என்றான்.

ஒரு நல்ல வார்த்தையாகச் சொல்லிவிடலாமா என்று நளினிக்கு ஒரு கணம் தோன்றியது. அவர் கணக்கில் இல்லாததை எழுத அவளுக்கு மனசு வரவில்லை.

"காலைல பூரா எனக்கு ரிப்பேருக்கு ஒத்தாசை பண்ணாருடா. அப்புறம் பாஹிமாவுக்குக் காபி குடுக்கச் சொன்னாரு."

ஷ்யாம் சிரிக்கப் போய் உடைந்தான். "அப்பாவேதான்," என்றான்.

நளினி எழுந்து அடுக்களைக்குப் போனாள். பாலை எடுத்துவைத்து அடுப்பைத் திருகப் போனவளின் கையைப் பின்னாலேயே வந்த பாஹிமா பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன எடுக்குற வரைக்கும் உங்கள்ல அடுப்புப் பத்தவைக்க மாட்டீங்களேக்கா."

அவளே மாடிக்குப் போய் ஃபிளாஸ்க்கோடு இறங்கி வந்தாள். முதல் டம்ளரை ஊற்றி நளினியிடம் நீட்டினாள். நளினி அதை இரண்டு கையாலும் வாங்கி, பாஹிமாவின் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"நீ குடி முதல்ல."

பாஹிமா அழுதுகொண்டே குடித்தாள். டம்ளர் காலியாகும்வரை நளினி நின்று பார்த்தாள்.