தேங்காய் எழுந்த மூலை

இருளப்பசாமி தன்னைத் தானே முழுசாகப் பார்த்தது ஐம்பத்து நாலாவது வயதில்தான். சவரம் செய்யக் கண்ணாடி பார்த்ததெல்லாம் கணக்கில் சேராது. பந்தல்குடி டீக்கடை பெஞ்சில், காலை ஏழரை மணிக்கு, பாதி டீ குடித்திருக்கும்போது செல்போனில் பார்த்தார். மீதி டீயை அவர் குடிக்கவே இல்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி வரை தண்ணீருக்குப் போர் போட நினைப்பவர்கள் முதலில் தேடுவது அவரைத்தான். உள்ளங்கையில் குடுமித் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு அவர்களுடைய மானாவாரிக் காட்டில் நடப்பார். எந்த இடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்கிறதோ அந்த இடத்தில் அடியில் நீரோட்டம் இருக்கிறது என்று அர்த்தம். கல்லை நட்டு, சுண்ணாம்பைப் பூசிவிட்டு வந்துவிடுவார். இதற்குப் பாயிண்ட் பார்ப்பது என்று பேர். இருபத்தாறு வருஷமாக இதுதான் பிழைப்பு, இதுதான் மரியாதை. கல்யாண வீட்டுக்குப் போனால் முதல் பந்தியில் உட்கார வைக்கிறார்களே, சும்மாவா?

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். பாயிண்ட் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் கவிச்சி தொடமாட்டார். காலையில் தலை முழுகாமல் தேங்காயைத் தொடமாட்டார். சில இடங்களில் துளைத்தால் தண்ணீர் இல்லாமல் புழுதிதான் வரும். அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். "போர் வண்டிக்காரன் ரெண்டடி தள்ளி எறக்கிட்டான்யா" என்பார். கேட்கிறவர்கள் நம்பினார்களோ இல்லையோ, அவர் நம்பினார்.

வீடியோவை அனுப்பியவன் இர்பான். அவனுடைய அக்கா பல்கீஸின் காட்டில்தான் நேற்று சாயங்காலம் பாயிண்ட் பார்த்தது. பல்கீஸின் புருஷன் மன்சூர் அலி சவூதியில், தம்மாமில் பதினேழு வருஷமாக டிரைவர். மச்சான் பார்க்கட்டும் என்று இர்பான் எடுத்த வீடியோ அது. 'அண்ணனுக்கும் ஒண்ணு' என்று இவருக்கும் தட்டிவிட்டிருந்தான். பத்து மணிக்குப் போர் வண்டி வருகிறது.

முதல் தடவை பார்த்தபோது இருளப்பசாமி தன் நடையை ரசித்தார். தொப்பை கொஞ்சம் கூடிவிட்டதே என்று வருத்தப்பட்டார். இரண்டாம் தடவைதான் தன் கண்களைக் கவனித்தார். அவை தேங்காயைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் நடந்து வந்த பல்கீஸின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

வேப்பமரத்தைக் கடக்கும்போது பல்கீஸ் சும்மாதான் வந்தாள். ரோட்டோர மூலைக்கு வந்ததும் முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உதடு அசைந்தது, எதையோ வேண்டிக்கொண்டாள். வீடியோவில் இருந்த இருளப்பசாமி அதை ஓரக்கண்ணால் பார்த்தார். அடுத்த நொடி அவருடைய உள்ளங்கை மெல்லக் குழிந்தது, விரல்கள் அடியிலிருந்து நெம்பின, தேங்காய் எழுந்து நின்றது. கையும் களவுமாகப் பிடிபட்டது அவருடைய சொந்தக் கை.

நெம்பியதாக அவருக்கு ஞாபகமே இல்லை. நேற்று அந்த இடத்தில் தேங்காய் தானாகத்தான் எழுந்தது, சத்தியமாக எழுந்தது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் முதலில் அவள் உதடு, பிறகு அவர் கண், பிறகு அந்த விரல்கள். வரிசை மாறவே இல்லை.

பழைய வீடியோ ஒன்றைத் தேடி எடுத்தார். பரளச்சி மாரிச்சாமி போன வருஷம் யாரையோ எடுக்கச் சொல்லி அனுப்பியது. அனுப்பிய அன்றைக்கு அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதில் மாரிச்சாமி முன்னால் நடக்கிறார். மோட்டார் ரூம் பக்கம் வந்ததும் ஆசையோடு நின்று திரும்பிப் பார்க்கிறார். அங்கேயே எழுந்து நின்றது தேங்காய். அந்த இடத்தில் எழுநூறு அடி இறக்கியும் புழுதிதான் வந்தது. ஆடுகளை விற்றுவிட்டு மாரிச்சாமி திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். ரெண்டடி தள்ளி இறக்கிவிட்டான் என்று அன்றைக்கும் இதே வாய்தான் சொன்னது.

"என்னண்ணே, ஒடம்பு சரியில்லையா? மொகமெல்லாம் வேர்த்துருக்கு" என்றார் டீக்கடைக்காரர்.

"ஒண்ணுமில்லப்பா" என்றார்.

ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. அவனுக்குத் தான் செய்வது என்னவென்று தெரியும். இவருக்கு அதுகூடத் தெரிந்திருக்கவில்லை. இருபத்தாறு வருஷம் ஊர் ஊராக நடந்து அவர் கண்டுபிடித்ததெல்லாம் தண்ணீர் இல்லை. காட்டுக்காரர்கள் எங்கே தண்ணீர் வர வேண்டும் என்று ஏங்கினார்களோ அந்த இடத்தை. அதை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார், சுண்ணாம்பு பூசி. நிறைய இடங்களில் தண்ணீர் வந்ததே? வந்ததுதான். எங்கே துளைத்திருந்தாலும் அது வந்திருக்கும்போல. நினைக்க நினைக்கத் தன் உடம்புக்குள் வேறு யாரோ குடியிருப்பது மாதிரிப் பயமாக இருந்தது.

பேசாமல் இருந்துவிடலாம். பல்கீஸுக்குத் தண்ணீர் வந்தாலும் வரும். வந்துவிட்டால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? இப்படியும் அரைமணி நேரம் யோசித்தார், அதையும் மறைப்பதற்கில்லை. பிறகு பைக்கை எடுத்தார்.

காட்டில் போர் வண்டி ரோட்டை விட்டு இறங்கி, சுண்ணாம்புக் கல்லை நோக்கி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. பல்கீஸ் வேலையாட்களுக்கு நெய்ச்சோறு கொண்டுவந்திருந்தாள். இர்பான் கையில் இருந்த போனில் மன்சூர் அலியின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டுங்க" என்றார் இருளப்பசாமி. "இன்னொருக்கப் பாக்கணும். கண்ணக் கட்டிக்கிட்டு."

"நேத்துதானண்ணே பாத்தீக? நல்லா எந்திரிச்சு நின்னுச்சே" என்றாள் பல்கீஸ்.

"பாத்தேன், தங்கச்சி. இன்னொருக்கப் பாத்துருவோம். யாரும் பேசாதீக. பக்கத்துலயும் வராதீக."

துண்டை மடித்துக் கண்ணைக் கட்டிக்கொண்டார். இர்பானைத் தன் தோளைப் பிடித்து நாலு சுற்றுச் சுற்றிவிடச் சொன்னார். தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். கரிசல் வெடிப்பில் கால் மாட்டியது. கருவேல முள் ஒன்று செருப்பைத் தாண்டி ஏறியது. வேண்டாத சாமி இல்லை. ஒரே ஒரு தடவை எழுந்துவிடு, நான் பார்த்ததெல்லாம் பொய்யாகப் போகட்டும் என்று வேண்டினார். தேங்காய் அசையவில்லை. அரைமணி நேரம் அந்த ரெண்டு ஏக்கரையும் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். கடையில் பையில் போட்டு வாங்கி வந்தது மாதிரி அது சும்மா கிடந்தது.

கால் எதிலோ இடித்தது. நின்று, துண்டை அவிழ்த்தார்.

சுண்ணாம்பு பூசிய கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தார். நேற்று அவரே நட்ட கல். தேங்காய் உள்ளங்கையில் படுத்தபடியே இருந்தது.

வண்டிக்காரர்தான் முதலில் பேசினார். "என்னய்யா இது? எந்திரிக்கலையே!"

"நேத்தும் எந்திரிக்கல" என்றார் இருளப்பசாமி. "இந்த மூலைக்கு வந்ததும் தங்கச்சி மொகம் மாறுச்சு. அதப் பாத்து என் கைதான் தூக்கி விட்டுருக்கு. எனக்கே தெரியாம. வேணும்னா வீடியோவப் போட்டுப் பாருங்க."

போனிலிருந்து மன்சூர் அலி, "என்ன சொல்றாக? ஏய் இர்பான், என்ன சொல்றாக?" என்று கத்தினார்.

"அப்ப எங்கதான் போடுறது?" என்றார் வண்டிக்காரர்.

"தெரியாது."

இந்தச் சொல்லை அவர் எந்தக் காட்டிலும் சொன்னதில்லை. சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பல்கீஸ் அந்தக் கல்லைப் பார்த்தாள். பிறகு, "இந்த மூலையில நான் நெனச்சது தண்ணியில்ல, கட்டப்போற வீடுண்ணே. தண்ணி வந்துட்டா ஊரோட வந்துருவேன்னு இவுக சொல்லியிருக்காக. அதத்தான் கேட்டேன் அல்லாகிட்ட" என்றாள். சட்டென்று கோபம் வந்துவிட்டது. "இத நேத்தே சொல்லியிருக்கலாம்ல? மனுசரக் கூட்டி வச்சு, வண்டிய வரவழைச்சு..."

"நேத்து எனக்கே தெரியாது, தங்கச்சி."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இர்பான் வண்டியைத் திருப்பி அனுப்பினான். விருதுநகரில் மெசின் வைத்து நீரோட்டம் பார்க்கிற ஆளுக்குப் போன் போட்டான். "அண்ணே, சாப்புட்டுப் போங்க" என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததும் சரிதான் என்று இருளப்பசாமி எழுந்தார்.

எல்லாம் போயிற்று. பேரும் போயிற்று, பிழைப்பும் போயிற்று. ஆனாலும் பைக்கைக் கிளப்பியபோது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. அடுத்து எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. எந்தெந்தக் காட்டில் கல் நட்டோமோ அத்தனை வீட்டுக்கும் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். முதலில் பரளச்சி.

மாரிச்சாமி வீட்டில் அவர் பெண்சாதி பாண்டீஸ்வரி மட்டும் இருந்தாள். வாசலில் அவரைப் பார்த்ததும், திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டார். அவளோ கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து நாற்காலியை எடுத்துப் போட்டாள்.

"வாங்கண்ணே, வாங்க! அவுகளே சொன்னாக, அண்ணனக் கூப்பிட்டு இன்னொரு பாயிண்ட் பாக்கச் சொல்லுன்னு. போன தடவ ரெண்டடி தள்ளிப் போச்சுல்ல? அடுத்த வருசம் போட்டுட்டா, அவுக இங்கயே வந்துருவாக."

இருளப்பசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். சாபம் விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். இதை எப்படி வாங்கிக்கொள்வது?

"எங்கண்ணே பாக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே பாண்டீஸ்வரி காட்டுப் பக்கம் திரும்பினாள். வரப்போரப் புளியமரத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

மடியில் வெறுமனே கிடந்த அவருடைய வலது கை தானாகத் திரும்பி, மெல்லக் குழிந்தது. அதை அவர் கண்ணால் பார்த்தார். இடது கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பாண்டீஸ்வரி, கொஞ்சம் ஒக்காரு" என்றார். "ரெண்டடி தள்ளியெல்லாம் போகலம்மா."