பாரம் மாற்றும் பயிற்சி

முத்துக்குமாரு மானிப்பாய்க்குப் போகத் தொடங்கியபோது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. மயிலிட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி, கையில் தடியோடு, வலது காலை இழுத்து இழுத்துப் போவார். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்தவர்கள் இனித் தங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மானிப்பாயில் ஒரு தேவாலய மண்டபத்தில் மிரியம் என்றொருவர் தாய்ச்சி என்ற சீனத்து உடற்பயிற்சி பழக்குகிறார், வேண்டுமானால் போய்ப் பாருங்கள் என்றார்கள். அதை வீட்டில் வந்து சொன்னபோது மனைவி துஷாந்தினிக்குத் 'தாச்சி' என்று கேட்டது. மீன் பொரிக்கிற தாச்சியால் காலுக்கு என்ன வைத்தியம் என்று சிரித்தாள். அந்த வீட்டில் இரண்டு வருடமாக யாரும் சிரித்ததில்லை.

அதற்கு முன்பு அவர் சுழியோடி. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடியில் கடலட்டை பொறுக்குவது தொழில். துணைக்குத் துஷாந்தினியின் தம்பி கஜானன் வருவான். இருபத்தாறு வயது. ஒருநாள் பதினாறு பாகத்தில், கிட்டத்தட்ட நூறடி ஆழத்தில், இருவரும் இறங்கினார்கள். முத்துக்குமாரு மட்டும் மேலே வந்தார். கஜானனின் உடல் இரண்டு நாள் கழித்துக் கரையொதுங்கியது. நின்று நின்று ஏற வேண்டிய ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் ஏறியதால் இரத்தத்தில் குமிழ் கட்டி, முத்துக்குமாருவுக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிற்று. இடது கால் சில மாதத்தில் திரும்பி வந்தது. வலது கால் பாதிதான் வந்தது. தண்ணீர் கலங்கிக் கிடந்தது, அவனைக் காணவில்லை, பயத்தில் மேலே வந்துவிட்டேன் என்று படகுக்காரருக்கும் பொலிசுக்கும் வீட்டாருக்கும் சொன்னார். எல்லோரும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

மிரியம் சிங்கப்பூரில் இருபது வருடம் தாதியாக இருந்தவர். படுக்கையிலிருக்கும் தகப்பனைப் பார்க்க ஊர் திரும்பியிருந்தார். வகுப்பில் பன்னிரண்டு பேர். அநேகமாக உடுவில் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். முதல் நாள் அவர் முத்துக்குமாருவுக்கு எந்த அசைவையும் காட்டவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி, அதைத் திருப்பி அடியைப் பார்த்தார். இடது செருப்பின் வெளி ஓரம் தேய்ந்து ஓட்டை விழும் நிலையில் இருந்தது. வலது செருப்பின் நுனி மட்டும் உரசியிருக்க, மிச்சம் புதிது போல இருந்தது.

"அண்ணை, நீங்கள் ரெண்டு காலிலை நிக்கேல்லை. ஒரு காலிலையும் ஒரு தடியிலையும் நிக்கிறியள்" என்றார்.

பிறகு ஒரு மாதம் முழுக்க நிற்கத்தான் பழக்கினார். பாதம் தோளகலத்துக்கு. முழங்கால் உள்ளே மடங்காமல் பெருவிரலுக்குப் பக்கத்து விரலின் நேரே பார்க்க வேண்டும். இடுப்பைப் பின்னால் தள்ளாமல், முள்ளந்தண்டின் நுனி நிலத்தை நோக்கித் தொங்குவதாக நினைக்க வேண்டும். தோளை இறக்கி, நாடியைச் சற்று உள்ளே எடுக்க வேண்டும். முத்துக்குமாரு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். தொடை நடுங்கி வியர்த்து வழிந்தது. மிரியம் இரண்டு விரலால் அவருடைய இடுப்பை ஒரு அங்குலம் வலப்பக்கம் நகர்த்தினார். நடுக்கம் நின்றது.

"பலத்தாலை பிடிச்சு வைக்காதேங்கோ. எலும்புக்கு மேலை எலும்பு வந்தால் அது தானாத் தாங்கும்."

பாரம் மாற்றுவதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. உடம்பின் பாரத்தை ஒரு காலில் முழுக்க இறக்கி, மற்றக் காலை வெறுமையாக்கிய பிறகே அதை எடுத்து வைக்கலாம். இடது கால் சுலபமாக வாங்கிக்கொண்டது. வலது காலுக்குக் கொடுக்கப் போனால் உடம்பு பாதி வழியில் நின்றுவிடும். விழுந்துவிடுவேன் என்றார். படகு ஆடும்போது எப்படி நிற்பீர்கள் என்று மிரியம் கேட்டார். அவர் யோசிக்காமலே முழங்காலைத் தளர்த்தி, இடுப்பை விட்டு நின்று காட்டினார். இதைத்தான் நான் ஒரு மாதமாகக் கேட்கிறேன் என்றார் மிரியம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக வலது கால் அவரைத் தாங்கியது.

ஐந்தாம் மாதம் தடியை வீட்டில் வைத்துவிட்டுப் போனார். துஷாந்தினி படலை வரை வந்து, அவர் பஸ் ஏறும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருடத்துக்கு மேலாக மாலையில் நல்லெண்ணெய் காய்ச்சி அந்தக் காலை உருவிவிட்டவள் அவள்.

அதற்குப் பிறகு மிரியம் இருவர் சேர்ந்து செய்யும் பயிற்சியைத் தொடங்கினார். எதிரெதிரே நின்று, மணிக்கட்டோடு மணிக்கட்டு தொட்டபடி, ஒருவர் தள்ள மற்றவர் பாரத்தைப் பின் காலுக்கு மாற்றி இடம் கொடுக்க வேண்டும். கையைப் பிடிக்கவும் கூடாது, விட்டுவிடவும் கூடாது. முத்துக்குமாருவுக்கு ஜோடி, எழுபது வயதான கணக்கு வாத்தியார் இராசசிங்கம். மூன்று முறை நன்றாகப் போயிற்று. நான்காம் முறை வாத்தியார் நிலை சற்றுத் தளம்ப, சமாளிப்பதற்காக முத்துக்குமாருவின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். முத்துக்குமாரு அந்தக் கையை முறுக்கி உதறினார். வாத்தியார் பின்னால் போய் வாங்குப் பலகையில் மோதி விழுந்தார்.

முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். வாத்தியார் எழும்பி, ஒன்றுமில்லை, என்ரை பிழைதான் என்றார். ஆனால் முத்துக்குமாரு சுவரோரம் குந்தி, தன் வலது கையை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லோரும் போன பிறகு மிரியம் தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் இருந்தார். முத்துக்குமாரு தானாகவே சொன்னார்.

அன்று தண்ணீர் கலங்கவில்லை. கஜானனின் சிலிண்டரில் காற்று முடிந்துவிட்டது. அவன் நீந்தி வந்து இவருடைய மணிக்கட்டைப் பிடித்தான். இவருடையதிலும் கொஞ்சம்தான் இருந்தது. வாயிலிருந்த குழாயை எடுத்து அவனுக்குக் கொடுத்து, மாறி மாறி மூச்செடுத்து ஏறலாம். இருவரும் அதைப் பழகியவர்கள்தான். இவர் கையை உதறிவிட்டு ஏறினார்.

மிரியம் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "உந்தக் கதையை நீங்கள் எனக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை, அண்ணை" என்றார்.

அன்று அவர் வீட்டுக்குப் போனபோது துஷாந்தினி முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இரு என்று சொல்லி அவளைக் கதிரையில் இருத்தினார். தான் இருக்கவில்லை. எதிரே நின்றபடி முழுவதையும் சொன்னார். அவள் கையில் ஒட்டியிருந்த உப்பை விரலால் உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"அவன் உங்களைப் பாத்தவனோ?"

"ஓம்."

"ஏன் அவ்வளவு கெதியா மேலை வந்தனீங்கள் எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை" என்றாள். "கேட்டால் சொல்லிப்போடுவியள் எண்டு பயந்தனான்."

எழும்பி, மிச்சக் கருவாட்டையும் பரப்பினாள். பின்னேரம் ஒரு பையில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு, மூன்று ஒழுங்கை தள்ளியிருந்த தாய் வீட்டுக்குப் போனாள்.

பதினொரு நாள் அவர் தனியே இருந்தார். தானே சமைத்தார். விடியற்காலையில் முற்றத்தில் நின்று பாரத்தை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றிப் பார்த்தார். கால் தாங்கியது. அது அவருக்கு ஆறுதலாக இருக்கவில்லை. படுக்கையில் கிடந்திருந்தால் அவள் போயிருக்க மாட்டாள் என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்புக்காக வெட்கப்பட்டார்.

பன்னிரண்டாம் நாள் துஷாந்தினி பையோடு திரும்பி வந்தாள். வாசலில் நின்று அவள் பேசியதை அவர் பிறகும் ஒரு சொல் தவறாமல் நினைவில் வைத்திருந்தார்.

"அம்மாவுக்கு நான் சொல்லேல்லை. நீங்களும் சொல்லாதேங்கோ, அவ தாங்கமாட்டா. நான் உங்களை விட்டிட்டுப் போகமாட்டன். அதுக்காக மன்னிச்சிட்டன் எண்டு நினைச்சுப்போடாதேங்கோ."

சமையல் திரும்ப அவள் கைக்கு வந்தது. அவள் படுக்கை மற்ற அறைக்குப் போனது. எண்ணெய் காய்ச்சுவது நின்றது. அவர் திரும்ப மானிப்பாய்க்குப் போனார். இராசசிங்கம் வாத்தியார் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, வாருங்கோ தம்பி என்று மணிக்கட்டை நீட்டினார். முத்துக்குமாரு தொட்ட உடனேயே கையை இழுத்துக்கொண்டார். வாத்தியார் பொறுமையாக நின்றார். அதிலிருந்து பழைய இடத்துக்கு வர இரண்டு மாதம் பிடித்தது. இனிக் கடலில் இறங்குவதில்லை என்று முத்துக்குமாரு மிரியத்திடம் சொன்னார். துறைமுகத்தில் வலை தைக்கும் வேலை கிடைத்தது. அதற்கு நேராக நிமிர்ந்து இருக்கப் பழகியதே போதுமாயிருந்தது.

வீட்டில் சில நாளைக்கு ஒருமுறை துஷாந்தினி ஒரு கேள்வி கேட்பாள். சோறு போடும்போது, அல்லது உடுப்பு மடிக்கும்போது. ஒரு நாளைக்கு ஒன்றுதான். அடியில் வெளிச்சம் இருந்ததா. அவன் எந்தக் கையால் பிடித்தான். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்களா. ஒவ்வொன்றுக்கும் அவர் உள்ளதைச் சொன்னார். பதில் கேட்டதும் அவள் தன் வேலையைத் தொடர்வாள். அடுத்த கேள்வி வரும் வரை அவர் காத்திருப்பார். வராத நாட்கள் இன்னும் கடினமாக இருந்தன.

மார்கழியில் ஒரு காலை, மழை விட்ட நேரம், அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்குப் போகேக்கை அவன் படகிலை என்ன கதைச்சவன்?"

"ஒண்டும் கதைக்கேல்லை. முன் அணியத்திலை சாஞ்சு நல்ல நித்திரை. இறங்கிற இடம் வந்த பிறகுதான் எழுப்பினனான்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். சின்ன வயதிலும் அவன் அப்படித்தான், பள்ளிக்கூடம் போகும் வழியிலேயே தூங்கிவிழுவான், தான்தான் புத்தகத்தையும் அவனையும் இழுத்துக்கொண்டு போவேன் என்று சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடிக்க முடியவில்லை. அவனுடைய செத்தவீட்டன்றுகூட வாய்விட்டு அழாதவள், குசினி நிலத்தில் அமர்ந்து வெகுநேரம் அழுதாள். முத்துக்குமாரு கிட்டப் போகவில்லை, வெளியே போகவும் இல்லை. அவள் ஓயும் வரை கதவு நிலையருகே நின்றார்.