சீவன் போன நேரம்

மாடிப்படிக் கைப்பிடியில் தொங்கிய எலும்புக்கூட்டின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து சிவனேஸ்வரி ஓர் இழுவை இழுத்தாள். முழங்காலுக்குக் கீழே கழன்று கையோடு வந்துவிட்டது. வெறும் பிளாஸ்டிக்தான். ஆனாலும் நெருப்பைத் தொட்டவள் மாதிரி அதைக் கீழே போட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்து, "சிவ சிவா" என்றாள்.

"மலர், இன்னொரு கறுப்புப் பை கொண்டு வா. சனம் வரமுன்னம் உந்தக் கோதாரியெல்லாம் கண்ணுக்கு மறைய வேணும்."

செல்வமலர் கொண்டுவந்து கொடுத்தாள். புருஷன் குலவீரசிங்கம் போய் ஐந்தாம் நாள். திடீர்ச் சாவு என்றால் லண்டனில் வெட்டிப் பார்க்காமல் விடமாட்டார்கள். வெட்டிப் பார்த்து, இதயம்தான் என்று சொல்லி, நேற்றுத்தான் உடம்பைக் கொடுத்திருந்தார்கள். நாளைக்கு எரிப்பு. எத்தனை மணிக்கு உயிர் போனது என்று கேட்டதற்கு டொக்டர் உதட்டைப் பிதுக்கினார். சனிக்கிழமை பகல், அதற்கு மேல் சொல்ல ஏலாது என்றார்.

பைக்குள் ஒவ்வொன்றாகப் போயின. சூனியக்காரி முகமூடி, காட்டேறி முகமூடி, கோரைப்பல் வைத்த பூசணிக்காய்கள், வௌவால் மாலை, அலுமாரி நிறைந்த பேய்ப்பட வீடியோக்கள், குலவீரசிங்கம் தன் கையாலேயே வரைந்த படங்கள். படங்களில் எப்போதும் ஒரு பாழ்வீடு இருக்கும். அதில் ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் வெளிச்சம் எரியும். சிவனேஸ்வரி அவற்றைப் பார்க்காமல் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போனாள். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்கு வெள்ளி தவறாமல் போகிறவள், தம்பியின் வீட்டுக்கு மட்டும் ஒக்டோபர் மாதத்தில் காலடி வைத்ததில்லை.

"உதுகளை வீட்டுக்குள்ள வச்சுக் கும்பிட்டான். உதுகள் சும்மா விடுங்களோ?" என்றாள்.

"அவர் கும்பிடேல்லை மச்சாள். பாத்துச் சிரிச்சவர்," என்றாள் செல்வமலர்.

பெற்றோல் ஷெட்டில் பகலும் இரவும் மாறி மாறி ஷிப்ட் செய்த மனுஷன். குடியில்லை, சூதில்லை. ஹலோவீன் என்கிற பேய்த் திருநாள் முடிந்த மறுநாள் கடைகளில் அரை விலைக்குக் கொட்டுகிற பேய்ச் சாமான் என்றால் மட்டும் கண்மண் தெரியாது. "ஊரில கண்டது காணாதோ, இஞ்சையும் பேயும் பிரேதமுமோ?" என்று யாரோ ஒருமுறை கேட்டார்கள். "இதெண்டால் படம் முடிஞ்ச உடன லைற்றைப் போடலாம்," என்றார் அவர். கேட்டவர் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பதினொரு மணி போல ஈஸ்ட் ஹாமிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். வாசலில் காலை வைத்ததுமே சிவனேஸ்வரி அவர்களைக் கட்டிப்பிடித்துக் குரலெடுத்து அழத் தொடங்கினாள். "என்ர ராசா, என்னை விட்டிட்டுப் போட்டியே" என்று அவள் இழுத்த இழுவை முடியமுன்னமே, படிக்குக் கீழே இருந்த அலுமாரிக்குள் யாரோ சிரித்தார்கள். கரகரவென்று, தொண்டையில் சளி கட்டின கிழவன் சிரிக்கிற மாதிரி மூன்று சிரிப்பு. அழுகை அப்படியே நின்றது. வந்தவர்களில் ஒருத்தி ஒப்பாரியை விட்ட இடத்தில் மெல்லத் தொடங்கிப் பார்த்தாள். அலுமாரி மறுபடி சிரித்தது.

"சத்தம் கேட்டால் சிரிக்கிற மண்டையோடு. பற்றறி இருக்கு," என்றாள் செல்வமலர்.

அவளே போய்ப் பைக்குள் கையைவிட்டுத் துழாவி, பற்றறியைக் கழற்றினாள். கழற்றும்போது அவளுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது, வயிற்றுக்குள்ளேயே நெரித்துவிட்டாள். வந்த பெண்கள் தேத்தண்ணியும் குடிக்காமல், சுவரோரமாக ஒதுங்கி இருந்துவிட்டு எழும்பிப் போனார்கள்.

எல்லா அறையும் ஒதுக்கியாயிற்று. முன்னறை மட்டும் பாக்கி. அதன் கதவு ஒரு சாண் திறந்து கிடந்தது. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு செல்வமலர் அதற்குள் கால் வைக்கவில்லை. ஞாயிறு பின்னேரம் ஹலோவீனுக்கு இனிப்புக் கேட்டு வந்த வீதிப் பிள்ளைகள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனபோதும் அவள் குசினியிலேயே இருந்தாள். பத்து வருஷமாகப் பேய்ப்படத்துக்கு நடுவே குடும்பம் நடத்தியும் பயப்படாதவளுக்கு இப்போது பயமாக இருந்தது. அவர் இன்னமும் அங்கே இருந்து விளையாடுகிறார் என்றே மனம் சொன்னது.

குலவீரசிங்கம் செத்துக் கிடந்தது அதுதான் முதல் தடவை என்றில்லை. அதுதான் வினையே.

அவள் லண்டனுக்கு வந்த முதல் வாரமே அவர் செத்துப்போனார். படிக்கட்டின் அடியில், கழுத்தில் தக்காளி சோஸ், நெஞ்சில் ரொட்டி வெட்டுகிற கத்தி. அவள் கத்திய கத்தில் பக்கத்து வீட்டுக் கத்தரின் காலில் செருப்பும் இல்லாமல் ஓடி வந்தாள். கத்தரினைக் கண்டதும் பிரேதம் எழும்பி, "ஹலோ" என்றது. செல்வமலர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. புருஷனை இழந்து தனியாக இருந்த கத்தரின்தான் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அவளும் அவரும் கூட்டு. அவள் வீடியோ வாடகைக்கு எடுப்பாள், அவர் சோளப்பொரி பொரிப்பார்.

ஒக்டோபர் வந்தால் இரண்டு பேருக்கும் ஒரு பந்தயம். அவர் முன்னறைச் சாய்கதிரையை ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட்டு, முகமூடியோடு அசையாமல் இருப்பார். அவள் வீதியில் நின்று கண்ணாடியைத் தட்டுவாள், முகத்தைக் கோணுவாள், நாக்கை நீட்டுவாள். அவர் அசைந்தால் அவளுக்கு வெற்றி. ஒரு வருஷமும் அவள் வென்றதில்லை.

செல்வமலரும் தனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டாள். புருஷன் செத்துக் கிடந்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. குளியல் தொட்டியில் செத்தார், தாண்டிப் போனாள். குசினி நிலத்தில் செத்தார், சுற்றிப் போய்க் கறி வைத்தாள். யாரும் பார்க்காவிட்டால் அரை மணியில் அலுத்துத் தானே எழும்பிவிடுவார்.

சனிக்கிழமையும் அப்படித்தான். பன்னிரண்டு மணி போல உடுப்புக் கூடையோடு முன்னறையைக் கடந்தபோது கதிரையின் முதுகும், அதற்கு மேலே முகமூடியின் நரைமயிரும், கதிரைக்கு வெளியே தொங்கிய இடது கையும் தெரிந்தன.

"சாகிறதெண்டால் காலமைச் சட்டியைக் கழுவிப்போட்டுச் சாகுங்கோ," என்றாள்.

சோறு சமைத்தாள், கூப்பிட்டாள், வரவில்லை. தானே போட்டுச் சாப்பிட்டாள். இரண்டு மணி போலக் கதவடியில் நின்று, "தேத்தண்ணி வேணுமோ?" என்று கேட்டாள்.

"ம்," என்றார்.

அதை அவள் கேட்டாள். அவருடைய குரல், அவருடைய ஒற்றை "ம்". மண்டையோடு சிரிக்கும், "ம்" சொல்லாது. தேத்தண்ணியைக் கதிரைக்குப் பின்னாலிருந்த ஸ்டூலில் வைத்துவிட்டு, முகத்தையும் பார்க்காமல் திரும்பி வந்தாள். இருட்டிக்கொண்டு வந்தபோது போய்ப் பார்த்தால் தேத்தண்ணி ஆடை படிந்து அப்படியே இருந்தது. அப்போதுதான் முகமூடியைப் பிடித்து இழுத்தாள்.

ஐந்து நாளாக அந்த "ம்" அவளை அரித்துக்கொண்டிருந்தது. அது சம்மதமா, முனகலா? நெஞ்சு அடைத்த மனுஷன் கூப்பிடப் பார்த்து, அவ்வளவுதான் வந்ததோ? ஒருக்கால் சுற்றிப்போய் முகத்தைப் பார்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை.

பின்னேரம் ஐயர் வந்தார். செத்தவீடு என்பதால் தண்ணியும் தொடாமல், பின்னறைக் கதிரை நுனியில் இருந்து பஞ்சாங்கத்தை விரித்தார். கிரியைச் சாமான்களைச் சொன்னார். பிறகு கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு செல்வமலரைப் பார்த்தார்.

"சீவன் போன நேரம் என்ன, தங்கச்சி?"

அவள் பஞ்சாங்கத்தின் கட்டங்களைப் பார்த்தாள்.

"லண்டன் நேரத்துக்கு மாத்திப் பாத்தால், அண்டைக்கு மத்தியானம் பன்னிரண்டரை மட்டும் பறுவம், பூரணைத் திதி. பிறகு பிரதமை. அதுக்கு முன்னமோ பின்னமோ எண்டு தெரிஞ்சால்தான் திதி வைக்கலாம். மாறி வச்சால் வருஷா வருஷம் நீங்கள் குடுக்கிறது அவருக்குப் போய்ச் சேராது."

"நீ வீட்டிலதானே நிண்டனி," என்றாள் சிவனேஸ்வரி. "உனக்குத் தெரியாமல் பின்ன ஆருக்குத் தெரியும்?"

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. கத்தரின். கையில் மூடி போட்ட ஒரு தட்டம். அழுது அழுது மூக்கெல்லாம் சிவந்திருந்தது. உள்ளே வந்தவள் தட்டத்தை வைக்க இடம் தேடாமல் அதையும் பிடித்துக்கொண்டே செல்வமலருக்குப் பக்கத்தில் இருந்தாள். ஐந்து நாளாக வரத் துணிவு வரவில்லை என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள்.

சனிக்கிழமை பதினொரு மணி பஸ்ஸுக்குப் போகிற வழியில் அவள் ஜன்னலைத் தட்டியிருக்கிறாள். வழக்கம் போல முகத்தைக் கோணியிருக்கிறாள். அவர் அசையவில்லை.

"கோப்பை மடியில் கவிழ்ந்து கிடந்தது, செல்வா. காற்சட்டை எல்லாம் தேத்தண்ணி. இன்னும் ஆவி வந்தது. வாயெல்லாம் எச்சில் பறக்கச் சிரித்தேன் நான். என்னை வெல்வதற்காகக் கொதிதண்ணியையும் ஊற்றிக்கொண்டானே இந்த மனுஷன் என்று நினைத்தேன். பஸ் வந்தது, கையைக் காட்டிவிட்டு ஓடிவிட்டேன். கையைக் காட்டிவிட்டு ஓடிவிட்டேன்."

செல்வமலர் சனிக்கிழமை இரவை நினைத்தாள். அம்புலன்ஸ்காரர் அவரைத் தூக்கிக் கிடத்தியபோது காற்சட்டையில் ஒரு பெரிய கறையைக் கண்டவள் அவள். காய்ந்து, விறைத்துப் போயிருந்தது. அவள் கொண்டுபோய் வைத்த கோப்பையோ ஸ்டூலில் தளும்பத் தளும்ப இருந்தது. அப்படியென்றால் அது காலைத் தேத்தண்ணி. கொதிக்கக் கொதிக்க மடியில் ஊற்றியும் அசையாத மனுஷன் அப்போது உயிரோடு இருந்திருக்க முடியாது. பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. சட்டியைக் கழுவச் சொன்னது பிரேதத்துக்கு. சோறு தின்னக் கூப்பிட்டதும் பிரேதத்தை.

அவள் மேல் பிழை இல்லை. ஐந்து நாள் நெஞ்சில் ஏறியிருந்த கல் அப்படியே இறங்கியது. இறங்கியதும் அந்த இடத்தில் வேறொன்று வந்து குந்திக்கொண்டது. அப்படியென்றால் இரண்டு மணிக்கு "ம்" சொன்னது யார்?

"அவ என்ன சொல்லுறா?" என்றாள் சிவனேஸ்வரி. அவளுடைய ஆங்கிலம் "தாங்க்யூ"வைத் தாண்டாது. ஐயரும் போன வருஷம்தான் லண்டன் வந்தவர், கத்தரினின் வேகத்துக்கு அவராலும் ஈடுகொடுக்க முடியவில்லை. இரண்டு பேரும் செல்வமலரின் வாயைப் பார்த்தார்கள்.

கத்தரின் தட்டத்தை இறுக்கிப் பிடித்தபடி விம்மிக்கொண்டிருந்தாள். அறுபத்தைந்து வயது மனுஷி. தோள்கள் சின்னப்பிள்ளைக்குக் குலுங்குவது போலக் குலுங்கின. இனிச் சாகுமட்டும் அந்தக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டேதான் இருக்கப் போகிறாள் என்று செல்வமலருக்குத் தெரிந்தது. அது எப்படி அரிக்கும் என்பதும் தெரியும்.

"செத்தவீட்டுக்கு வந்த மனுஷி, அழுகிறா," என்றாள் மச்சாளிடம். பிறகு ஐயர் பக்கம் திரும்பினாள். "பின்னேரம் ஐயா. ரெண்டு மணிக்கு உயிரோட இருந்தவர். தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டனான். ம் எண்டவர்."

"வடிவாத் தெரியுமோ? திதி விஷயம்."

"ஓம் ஐயா. என்ர காதால கேட்டனான்."

"அப்ப பிரதமை," என்று ஐயர் பஞ்சாங்கத்தை மூடினார்.

சிவனேஸ்வரி மட்டும் விடவில்லை. அவள் குரல் இறங்கி, மெல்லியதாகி, நேரே செல்வமலரிடம் வந்தது. "ரெண்டு மணிக்கு உயிரோட இருந்தவனோ? கதைச்சவனோ? பக்கத்தில நிண்ட நீ ஒருக்கால் முகத்தைப் பாத்திருந்தால், ஒரு அம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால், என்ர தம்பி இண்டைக்கு இருந்திருப்பான்."

"ஓம் மச்சாள்," என்றாள் செல்வமலர். "இருந்திருப்பார்."

சிவனேஸ்வரி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். இனி எத்தனை நல்லது கெட்டதுக்கு இந்தக் கதை போகும், யார் யார் வாயில் விழும் என்று செல்வமலர் கணக்குப் பார்க்கவில்லை. கத்தரினின் கையிலிருந்த தட்டத்தை வாங்கி நிலத்தில் வைத்தாள்.

"கத்தரின், நீ தட்டினபோது அவர் உயிரோடுதான் இருந்தார்," என்றாள் ஆங்கிலத்தில். "நீ பஸ் ஏறின பிறகு எழும்பி வந்து என்னிடம் சொன்னார். தொடை வெந்துபோயிற்றாம், ஆனாலும் அசையவில்லையாம். இந்த வருஷமும் நீதான் தோற்றாயாம்."

கத்தரின் நிமிர்ந்து பார்த்தாள். "உண்மையாகவா?"

"உண்மையாக. அவருக்கு ஒரே சந்தோஷம்."

கத்தரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கைக்குப் பின்னாலிருந்து முதலில் ஓர் அழுகையும் பிறகு ஒரு சிரிப்பும் வந்தன. "பாவி மனுஷன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். செல்வமலர் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். முன்னறைக் கதவு இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை. காதை மட்டும் அங்கே வைத்திருந்தாள்.