நின்றபடி இறங்க நினைத்தவன்

ஜெகநாதனின் இடது கணுக்கால் மடங்காது. ஆரணியில் அவனைத் தெரிந்தவர்களுக்கு அதன் காரணமும் தெரியும். பட்டாளத்தில் விமானத்திலிருந்து குதித்தபோது பாராசூட் சரியாக விரியவில்லை. யாரோ ஒருவன் அதைத் தப்பாக மடித்து வைத்திருந்தான். உயிர் போக வேண்டியது, சாமி புண்ணியத்தில் காலோடு போயிற்று.

அது பொய். அதைச் சொன்னவன் ஜெகநாதன்தான்.

எழுபத்தாறாம் வருஷக் குளிர்காலத்தில், வடக்கே ஒரு பயிற்சி முகாமில் அந்தக் கால் முறிந்தது. பாராசூட்டில் வருகிறவன் பஞ்சு மாதிரி இறங்குவதில்லை. ஆளுயரச் சுவரிலிருந்து குதித்தால் எப்படி இருக்குமோ, அந்த வேகத்தில் தரை வந்து மோதும். அதனால் விமானத்தில் ஏற்றுவதற்கு முன்பு வாரக்கணக்கில் மணலில் குதிக்க வைத்துப் பழக்கினார்கள். இரண்டு பாதமும் ஒட்டியிருக்க வேண்டும். முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். தரையைப் பார்க்கக் கூடாது. கால் பட்டதும் பக்கவாட்டில் சரிந்து உருண்டுவிட வேண்டும். "பைர் ஜோடோ!" என்று பயிற்சியாளர் நாள் முழுக்கக் கத்துவார். காலைச் சேர் என்று அர்த்தம். சேர்க்காமல் இறங்கி எலும்பு முறிந்தவர்களை ஜெகநாதனே ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்திருக்கிறான்.

ஆனால் அன்றைக்கு மைதானத்து ஓரத்தில் ஒரு போட்டோகிராபர் நின்றிருந்தார். முந்தின நாள் சாகசக் குழுவைச் சேர்ந்த மூத்த வீரர்கள் வேறு வகைப் பாராசூட்டில் வந்து, நடந்து வந்து நிற்பது போல் ஒயிலாக நின்று இறங்கியதை ஜெகநாதன் பார்த்திருந்தான். உருண்டு புழுதியோடு எழுகிற படம் எதற்கு? நின்றபடி இறங்குகிற படம் ஒன்று ஆரணிக்குப் போனால் தெருவே பார்க்கும். நெசவுக்கார வீட்டுப் பிள்ளை ஆகாயத்திலிருந்து வந்து நிற்கிறான் என்று பேசுவார்கள்.

பாராசூட் குடை போல முழுசாக விரிந்தது. காற்று கொஞ்சம் தள்ளியது, அவ்வளவுதான். கீழே கேமராவைப் பார்த்ததும் அவன் காலைப் பிரித்தான். ஒரு காலை முன்னால் நீட்டித் தரையைத் தொடப் பார்த்தான். எலும்பு முறிகிற சத்தம் அவன் காதிலேயே கேட்டது. போட்டோகிராபர் படம் எடுக்கவில்லை. கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு அவனைத் தூக்க ஓடி வந்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அதிகாரி வந்து கேட்டார், எப்படி நடந்தது என்று. உண்மையைச் சொன்னால் கூட இருந்தவர்கள் சிரிப்பார்கள். சொல்லித் தந்ததை மீறினான் என்று பதிவேட்டில் ஏறும். ஜெகநாதன் சொன்னான்:

"கயிறு முறுக்கிகினு இருந்திச்சி சார். சரியா விரியல."

தமிழ் தெரிந்த ஒருவர் அதை இந்தியில் சொன்னார். அதிகாரி தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பாராசூட்டை மடித்தவன் துரைக்கண்ணு. சந்தவாசல்காரன். முகாமில் ஆரணிப் பக்கத்து ஆட்கள் இவர்கள் இரண்டு பேர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டவ் பற்ற வைத்துப் புளிக்குழம்பு வைப்பார்கள். ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். துரைக்கண்ணு நீள மேஜையில் துணியை விரித்து மடிப்பு மடிப்பாகத் தட்டி வைப்பதை ஜெகநாதன் எத்தனையோ முறை வேடிக்கை பார்த்திருக்கிறான். "நான் மடிச்சத நம்பி நீ கண்ண மூடிகினு குதிடா" என்பான் துரைக்கண்ணு. ஊரில் ஒருவன் நெசவுக்காரத் தெரு, இன்னொருவன் காலனி. முகாமில் அந்தப் பேச்சே வந்ததில்லை.

விசாரணையில் பாராசூட்டில் குறை எதுவும் தெரியவில்லை. ஆனாலும் சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் உயிர் விஷயத்தில் யாரும் துணிய மாட்டார்கள். துரைக்கண்ணுவை மடிக்கிற வேலையிலிருந்து எடுத்து, சாமான் அறையைப் பெருக்க விட்டார்கள். அவன் ஒரு நாள் வார்டு வாசலில் வந்து நின்றான். ஜெகநாதன் கண்ணை மூடித் தூங்குவது போல் படுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்த்தபோது வாசலில் யாரும் இல்லை.

மாவுக்கட்டு பிரித்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். பிரிப்பதற்குள் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து, இனி பட்டாளத்துக்கு உதவ மாட்டான் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆரணியில் அவனைக் கேட்காதவர்கள் இல்லை. ஒரு தடவை சொன்ன பொய்யை மறுபடி சொல்வது சுலபமாக இருந்தது. கேட்டவர்களே அதை வளர்த்தார்கள். குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்கக் கணுக்கால் இடம் கொடுக்கவில்லை. பட்டாளத்தில் இருந்தவன் என்பதால் அரசாங்க அலுவலகம் ஒன்றில் காவலாளி வேலை கிடைத்தது. கண்ணமங்கலத்துப் பெண் அபிதகுசாம்பாளைக் கட்டிக் கொடுத்தார்கள். நொண்டிக்கு எப்படிக் கொடுப்பது என்று அவள் அம்மா தயங்கியபோது, "ஆகாசத்துலேர்ந்து விழுந்து எழுந்தவன், இவனுக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கிறது?" என்று அவள் அப்பாதான் முடித்து வைத்தார்.

எண்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் ஒரு குரல் கேட்டது.

"ஜெகநாதன் வீடுங்களா?"

அபிதகுசாம்பாள் எட்டிப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒல்லியான ஆள். செருப்பைத் தெருவிலேயே கழற்றி விட்டிருந்தான்.

"ஆமா. நீங்க யாரு?"

"சந்தவாசல்லேர்ந்து வரேங்க. துரைக்கண்ணு. பட்டாளத்துல ஒண்ணா இருந்தோம்."

"நீங்களும் குதிக்கிறவரா?"

"இல்லீங்க. நான் பாராசூட் மடிக்கிற வேலை."

அவள் முகம் மாறியது. "அவரு பாராசூட்ட மடிச்சது...?"

"நான்தாங்க."

உள்ளே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெகநாதனுக்கு எல்லாம் கேட்டது. துடைத்த முகத்தையே மறுபடி துடைத்தான்.

"ஒரு மனுசன் கால ஒடச்சிட்டு இப்ப இன்னாத்துக்கு வந்த?" என்றாள் அபிதகுசாம்பாள். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "கூட இருந்து சாப்புட்டவனாமே நீ. படி ஏற முடியாம அவரு படற கஷ்டத்த தெனம் நான்தான பாத்துகினு இருக்கேன்? கைய கவனமா வச்சி மடிக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு அந்த வேலை?"

"நீங்க கேக்கறது ஞாயந்தாம்மா" என்றான் துரைக்கண்ணு.

ஜெகநாதன் வெளியே வந்தான். துரைக்கண்ணு அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தான். முன்பு வாடா போடா என்று பேசியவன், இப்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"தங்கச்சி காத்தாயிக்குக் கல்யாணம் வச்சிருக்குங்க. வீட்ல ஒரு நல்லது நடக்கிறதுக்கு முன்னாடி உங்கள வந்து பாத்துடணும்னு மனசுல ஓடிகினே இருந்திச்சி. இத்தினி வருஷமா ஒவ்வொரு மடிப்பா நெனச்சிப் பாக்கறேன். கயித்த வரிசையா வச்சது, துணிய தட்டுனது, எல்லாம் ஞாபகம் இருக்கு. எங்க தப்பு பண்ணேன்னுதான் தெரியல. ஆனா பண்ணியிருக்கணும். இல்லாட்டி நீங்க ஏன் சொல்லப் போறீங்க? மன்னிச்சிடுங்க."

ஜெகநாதன் வாயைத் திறந்தான். அபிதகுசாம்பாள் பக்கத்தில் நின்றாள். எதிர்வீட்டுக்காரர் தன் தறிக்கூடத்து வாசலுக்கே வந்துவிட்டார். சொல்ல வேண்டிய வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு வார்த்தை.

"உடுப்பா. நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்."

துரைக்கண்ணு சட்டென்று குனிந்து அந்த இடது காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, வந்த வழியே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். யாரும் அவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை.

"பெரிய மனசுங்க உங்களுக்கு" என்றாள் அபிதகுசாம்பாள்.

ஜெகநாதன் பின்கட்டுக்குப் போய்த் தொட்டியில் தண்ணீர் மொண்டு அந்தக் காலைக் கழுவினான். கழுவினது போதாமல் மறுபடி கழுவினான். கழுவக் கழுவ உடம்பு கூசியது.

மறுநாள் அலுவலகத்துக்குப் போகாமல் சந்தவாசல் பஸ்ஸில் ஏறினான். ஊரைத் தாண்டிக் காலனிக்கு வழி கேட்டுப் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. துரைக்கண்ணு வீட்டில் இல்லை. அவன் அம்மா அம்மணி ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பட்டாளத்து சிநேகிதன் என்றதும் மனசில் இருந்ததைக் கொட்டினாள்.

"ஒரு வேலையில நிக்க மாட்டேங்கறான் சாமி. லாரில மூட்டை கட்டுவான். கட்டினத அவுத்துட்டு மறுபடி கட்டுவான். மறுபடியும் அவுப்பான். மொதலாளி பேஜாராயி அனுப்பிடறான். கல்யாணம் பண்ணிக்கடான்னா, என் கையால யாருக்கு என்ன ஆவுமோங்கறான். நல்லாதான் பட்டாளத்துக்குப் போனான்."

ஜெகநாதன் நாற்காலியில் உட்காரவில்லை.

பந்தலுக்கு மூங்கில் சுமந்துகொண்டு வந்த துரைக்கண்ணு அவனைப் பார்த்ததும் மூங்கிலைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். "இன்னாங்க, இவ்ளோ தூரம்? கால வச்சிகினு..."

"துரைக்கண்ணு, நீ தப்பா மடிக்கல" என்றான் ஜெகநாதன். "பாராசூட் நல்லா விரிஞ்சிச்சி. போட்டோகிராபர் நின்னுகினு இருந்தாரு. நின்னு எறங்கிக் காட்டலாம்னு நான்தான் கால பிரிச்சேன். ஆபீசர் கேட்டப்ப பயந்துகினு கயிறு மேல பழிய போட்டேன்."

துரைக்கண்ணு புரியாதவன் போல் நின்றான்.

"மறுபடி சொல்லு."

ஜெகநாதன் மறுபடி சொன்னான்.

"கயிறு முறுக்கல?"

"ஒரு கயிறு கூட முறுக்கல."

"தெறக்கும்போது தாமசமாச்சா? கழுத்துப் பக்கம் இழுத்துதா?"

"எதுவும் இல்ல. நீ மடிச்சது எதுவும் தப்பாவல."

துரைக்கண்ணு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். வீட்டுப் பக்கம் திரும்பி, "அம்மா, இங்க வா. காத்தாயி, நீயும் வா. இவரு சொல்றத கேளுங்க" என்றான். பந்தல் வேலைக்கு வந்தவர்களும் கூடிவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் ஜெகநாதன் மூன்றாவது முறையாகச் சொன்னான். இந்தத் தடவை குரல் எழும்பவில்லை. "சத்தமா" என்றான் துரைக்கண்ணு. சத்தமாகச் சொன்னான்.

அம்மணி, போட்ட நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"நேத்து உன் கால தொட்டேன்" என்றான் துரைக்கண்ணு. அவன் கண்ணில் நீர் இல்லை. "தொட வுட்டுட்டு நின்னுகினு இருந்தியேடா."

"தப்புதான். அடிச்சாலும் அடிச்சிடு."

"உன்ன அடிச்சி இன்னா? போ. உன் பொண்டாட்டிகிட்ட போய்ச் சொல்லு. என் பேரச் சொல்லிச் சொல்லு. தெருவுல கேட்டுகினு இருந்தாங்களே, அவங்ககிட்டயும் சொல்லு."

அபிதகுசாம்பாளிடம் அன்றைக்கே சொன்னான். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் கையில் அப்படியே நின்றது.

"எங்கப்பாகிட்டயும் இந்தப் பொய்தான் சொன்னீங்களா?"

"ஆமா."

"கால் போனதுக்காக உங்கள கட்டிகினேன்னு நெனச்சீங்களா? கால் எப்பிடிப் போனா எனக்கு இன்னா? அந்த மனுசன வாசல்ல நிக்க வச்சி, இந்த வாயால என்னென்ன கேட்டேன்! கேட்டுகினு சும்மா இருந்தீங்களே." அதற்கு மேல் அவள் அவனோடு பேசவில்லை. சோறு வைப்பாள், போய்விடுவாள். அவள் அப்பா வந்தபோது அவளே அவரிடம் சொன்னாள். அவர் மருமகனை நிமிர்ந்து பார்க்காமல் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஒரு நாள் அவளாகவே கேட்டாள். "அந்தக் கல்யாணம் என்னிக்கி?"

"நம்மள கூப்புடல."

"கூப்புடற மாதிரியா நடந்துகினோம்? நான் போறேன். நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

இரண்டு பேரும் போனார்கள். பந்தல் வாசலில் துரைக்கண்ணு நின்றிருந்தான். அபிதகுசாம்பாள் நேராக அவன் முன்னால் போய்க் கைகூப்பினாள்.

"அண்ணே, தெரியாம பேசிட்டேன். வந்தவங்கள உள்ள கூடக் கூப்புடல. மனசுல வச்சிக்காதீங்க."

"உங்க மேல கோவம் இல்லம்மா. சாப்புட்டுத்தான் போவணும்" என்றான். ஜெகநாதனை அவன் பார்க்கவில்லை.

பந்தியில் காலை மடக்க முடியாமல் ஜெகநாதன் ஒருபக்கமாக நீட்டி உட்கார்ந்தான். துரைக்கண்ணு சாம்பார் வாளியோடு வரிசையில் வந்தான். அபிதகுசாம்பாளிடம் நின்று "போதுங்களா?" என்று கேட்டான். ஜெகநாதன் இலையில் ஊற்றிவிட்டு, நீட்டியிருந்த காலைச் சுற்றிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனான். ஜெகநாதன் குனிந்தபடியே சாப்பிட்டு முடித்தான்.

ஆரணியில் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. அலுவலகத்துக்கு எதிரில் டீக்கடை வைத்திருந்த தங்கவேலு, வெளியூர்க்காரர் யார் வந்தாலும் ஜெகநாதனைக் காட்டிப் பாராசூட் கதையைச் சொல்வார். அடுத்த வாரமும் செய்யாறிலிருந்து வந்த ஒருவரிடம் ஆரம்பித்தார்.

"தப்பு தங்கவேலண்ணே" என்று ஜெகநாதன் எழுந்தான். "பாராசூட்ல குறை இல்ல. படத்துக்காக வீம்பு பண்ணி நான்தான் கால ஒடச்சிகினேன். மடிச்சவன் சந்தவாசல் துரைக்கண்ணு. அவன் மேல வீண்பழி போட்டேன்."

தங்கவேலு வந்தவரைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். "பாத்தீங்களா? அடுத்தவன் தப்ப தன் தலைல போட்டுக்கறாரு. அந்த மாதிரி மனுசன்."

ஜெகநாதன் டீயைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.