பூட்டாத முழங்கை

தோள் கழன்று கையோடு வந்துவிடும்போல் வலித்தது யோகாவுக்கு. விடிந்ததிலிருந்து ஆஸ்பத்திரிச் சலவை லோன்றியில் ஈர விரிப்புகளை இழுத்த தோள். முன்பு உண்மையாகவே கழன்ற தோளும் அதுதான். ஆனாலும் சனிக்கிழமை பின்னேரம் சிட்னியின் பரமட்டா ஹோலுக்கு வந்துவிட்டாள். உள்ளூர் றக்பி கழகத்தின் சியர்லீடர் பெட்டைகளைப் பழக்குவது எழுபத்தெட்டாம் ஆண்டு தொடக்கத்திலிருந்து அவள் வேலை.

அந்தப் பெட்டைகளில் பாதிப்பேருக்கு மூட்டுகள் றப்பர். கட்டைவிரல் மணிக்கட்டைத் தொடும். யோகாவுக்கும் அப்படித்தான். அதனால் அவள் அவர்களை வளைக்கவில்லை.

"வளையிறது உங்களுக்குத் தெரியும். நிப்பாட்டப் பழகுங்கோ" என்பாள், ஆங்கிலத்திலும் தமிழிலும். கையை உயர்த்தினால் முழங்கை நேராக நீண்டு பூட்டிக்கொள்ளும் முன்னமே நிறுத்த வேண்டும். பாரத்தைத் தசை தாங்க வேண்டும், மூட்டு அல்ல.

பெட்டைகளில் ஒருத்தியான சிவமணியின் அப்பா விக்னராஜா உள்ளே வந்தார். கூடவே மெல்பேர்னிலிருந்து வந்திருந்த மச்சான் ஜெயரட்ணம்.

"மச்சான், பாரும். என்ர பிள்ளைக்கு எலும்பே இல்லை. சிவமணி, கையைப் பின்னால சுத்திக் காட்டு!"

அவர்களின் ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி ஆறுமுன் நடக்கும் காட்சி அது. போன தீபாவளிக்கு அப்படிச் சுற்றும்போது தோள் வழுகியது. சிவமணி கத்தினாள். "நடிக்கிறாள்" என்று சிரித்துவிட்டு, விக்னராஜா ஆட்களுக்குப் பற்றிஸ் பலகாரத் தட்டை நீட்டினார். தோள் தானாக உள்ளே போனது. உண்மையை அவள் யோகாவிடம் மட்டும் சொன்னாள்.

"அவள் காட்டமாட்டாள், அண்ணை" என்றாள் யோகா.

"என்ர பிள்ளையை நான் கேக்கிறன். நீர் என்ன பெரிய டொக்டரோ?"

"இல்லை. ஊத்தைத் துணி இழுக்கிறனான். இழுக்கிற கை போனா எனக்கு ஆர் சோறு போடுவினம்? இவளின்ர கையும் போகோணுமோ?"

ஜெயரட்ணம் சிரித்தார். "மச்சான், உம்மட மனிசியை விட இவ காரம்!"

"சிவமணி! காட்டு எண்டெல்லே சொன்னன்!"

சிவமணி கையை உயர்த்தினாள். கை தோளளவு வந்தது. முழங்கை பூட்டாமல், சற்று மடங்கி, அப்படியே நின்றது.

"இவ்வளவுதான், அப்பா. இன்னும் போகும். நான் விடமாட்டன்."

"ஆக்களுக்கு முன்னால என்னை அவமானப்படுத்திறியோ?"

"தீபாவளிக்கும் ஆக்களுக்கு முன்னாலதான். நான் நடிக்கேல்லை அப்பா. தோள் கழண்டது."

ஜெயரட்ணம் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் சப்பாத்தைப் பார்த்தார். விக்னராஜா பொக்கற்றில் கார்ச் சாவியைத் தடவினார்.

"வெளியில நிக்கிறன்."

யோகா கைதட்டினாள். "திரும்பவும்! பூட்டாதையுங்கோ!"

பெட்டைகளின் கைகள் எழுந்தன. சிவமணியின் கைதான் முதலில்.

போகும் வழியில் விக்னராஜா மகளுக்கு மீனும் சிப்ஸும் வாங்கிக் கொடுத்தார். பிறகு வந்த விருந்தாளிகள் எவருக்கும் அவளைக் காட்டச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தீபாவளிக்காக அவளிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியது அவருடைய கடன். அதை அவர் இன்னும் தீர்க்கவில்லை.