கேட்காமல் நடந்த பாதை

நடைக் கூட்டத்தில் கடைசியாக வருகிறவருக்குத்தான் கேட்டைச் சாத்துகிற வேலை. அந்த வேலை இப்போது பெரில் பென்ஃபோல்டிடம் வந்து சேர்ந்திருந்தது. அப்பர் ஸ்வின்லியில் ஞாயிற்றுக்கிழமை நடையைத் தொடங்கி வைத்தவளே அவள்தான். எந்த மேட்டுக்குக் கீழே என்ன புதைந்திருக்கிறது, தேவாலயத்துக் கல்லில் இருப்பது யார் பெயர் என்றெல்லாம் ஊருக்குச் சொல்லிக் கொடுத்தவள். இன்று அவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு வயல் தூரம் விழுந்துவிட்டது. முன்னாலிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது.

சிரிக்க வைத்தவள் ரொவீனா. போன இலையுதிர் காலத்தில் லண்டனிலிருந்து வந்து பழைய தபால் நிலைய வீட்டை வாங்கியவள். ஐம்பது வயது இருக்கும், பார்த்தால் தெரியாது. அதுவும் பெரிலுக்குப் பிடிக்கவில்லை. வந்த புதிதில் ரொவீனா பெரிலை ஒட்டியே நடந்தாள், ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பெரிலும் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். சொன்னதை எல்லாம் அவள் அதே ஊருக்கு இன்னும் அழகாகத் திருப்பிச் சொல்லுவாள் என்று யார் கண்டது?

பழைய ஸ்வின்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளைநோய்க் காலத்தில் ஆள் அற்றுப்போன கிராமம். இப்போது கோலின் ஸ்னெல்லின் ஆட்டு மேய்ச்சல். வீடுகள் நின்ற இடமெல்லாம் புல் மூடிய மேடுகள், ஒரு மூலையில் கூரை போன சிற்றாலயத்தின் வளைவு. பெரில் அங்கே போனால் பிளாஸ்டிக் உறை போட்ட வரைபடத்தைத் தூக்கிப் பிடித்து, எந்த ஆண்டு என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் முக்கால் மணி நேரம் பேசுவாள். ரொவீனா அங்கே கூட்டிப் போனபோது அதிகம் பேசவே இல்லை. மேட்டுக்கு இரண்டு பேராகப் படுக்கச் சொன்னாள். இது உங்கள் வீடு, கதவு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டில் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். பிறகு தொட்டால் அரிக்கிற காஞ்சொறிச் செடி மண்டிக் கிடந்த இடங்களைக் காட்டி, மனிதர்கள் வாழ்ந்து கழித்த மண்ணில்தான் அது இப்படிச் செழிக்கும் என்றாள். காஞ்சொறி விஷயம் பெரில் சொல்லிக் கொடுத்தது. பெரில் சொன்னபோது கொட்டாவி விட்ட கசாப்புக் கடைக்காரர், இப்போது மேட்டில் மல்லாந்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெரிலுக்கு வயிறு எரிந்தது. போதாக்குறைக்கு அவள் கணவர் பேசில், நடைக் குழுவின் தலைவர், ஒரு மேட்டில் நீட்டிப் படுத்துக்கொண்டு, "பெரில், இங்க வாயேன். நம்ம வீடு எவ்ளோ சின்னது பாரு" என்று கூப்பிட்டார். முதுகு வலி என்று சொல்லி வீட்டுத் தோட்டத்தில் ஒரு களை பிடுங்காத மனிதர்.

மேய்ச்சலுக்கு இறங்கிப் போகிற பாதை எந்த வரைபடத்திலும் கிடையாது. அதை உண்டாக்கியது பெரிலின் கால்கள். மகள் ஆஸ்திரேலியாவுக்குப் போன வருடம், வீட்டில் இருப்புக் கொள்ளாமல், கோலினின் வேலியில் இருந்த இடைவெளியில் நுழைந்து நடந்தாள். மறுநாளும் நடந்தாள். பின்னாலேயே ஊரும் நடந்தது. ஒருவர் நிலத்தில் ஊரார் இருபது வருடம் வெளிப்படையாக, எதையும் உடைக்காமல், யாரையும் கேட்காமல் நடந்துவிட்டால், சட்டப்படி அது ஊரின் பாதை. உடையவரே நினைத்தாலும் பிறகு அடைக்க முடியாது. ஆனால் கேட்டுவிட்டால் போச்சு. கேட்டு நடப்பவர் விருந்தாளி, விருந்தாளிக்கு ஏது உரிமை? அதனால் ஸ்வின்லிக்காரர்கள் கோலினின் நிலத்தில் மட்டும் மரியாதையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். தன் காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்கிற ஜனம், கோலின் டிராக்டரிலிருந்து கையசைத்தால் திருப்பிக் கையசைப்பதோடு சரி. நன்றி என்று ஒரு சொல் வாயிலிருந்து வராது. அடுத்த ஏப்ரலில் இருபது வருடம் நிறைகிறது. அதை ஊர்ப் பாதையாகப் பதிவு செய்ய மனுப் போட பேசில் சாட்சிகளைத் திரட்டி வைத்திருந்தார். முதல் சாட்சி பெரில்.

ரொவீனாவுக்கு மட்டும் இது தெரியாது. வாராவாரம் கோலினிடம் முட்டை வாங்கப் போகிறவள், பேச்சுவாக்கில் உளறிவிடப் போகிறாளே என்று ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில்தான் மே மாதப் பெருநடைக்கு யார் தலைமை என்ற பேச்சு வந்தது. பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் வருகிற நடை அது; எப்போதும் பெரில்தான் முன்னால் போவாள். இந்தத் தடவை யாரோ ரொவீனாவின் பெயரைச் சொன்னார்கள், கைகள் மளமளவென்று உயர்ந்தன. பெரிலும் கையைத் தூக்கினாள், வேறென்ன செய்வது.

இனிமேல் ரொவீனாவிடம் மறைப்பது சரியில்லை, பாதை விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லிவிடு என்று பேசில் மனைவியிடம் சொன்னார். உன்மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை என்றும் சேர்த்துக்கொண்டார். பெரில் சரி என்றாள். அன்று சொல்லவில்லை, அடுத்த வாரமும் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்து ரொவீனாவுக்குத் தெரியாதது என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையும் தூக்கிக் கொடுக்க மனம் வரவில்லை.

பெருநடைக்கு முந்தின வாரம் ரொவீனாவே வாசலில் வந்து நின்றாள். கையில் இரண்டு பாட்டில் நெல்லிக்காய் ஜாம். ஒன்றைப் பெரிலிடம் நீட்டினாள்.

"உங்கள ஒண்ணு கேக்கணும் பெரில். இத்தன பேர அழைச்சிட்டு கோலின் நெலத்துல எறங்கறோம். அவர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்க வேண்டாமா? திமுதிமுன்னு நுழையறது எனக்கு என்னவோ போல இருக்கு."

ஐயோ கேட்டுவிடாதே என்பது பெரிலின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் ரொவீனா வெள்ளந்தியாக அடுத்ததைச் சொன்னாள்.

"எல்லாம் ஒழுங்கா நடக்கணுமேன்னு ஒரே பயம். நேத்து பேசில் சொல்றார், ஸ்வின்லி நடைக்கு இப்பத்தான் உயிர் வந்திருக்காம்."

இப்பத்தான். அப்படியானால் இத்தனை வருடமும் பெரில் பிணத்தையா இழுத்துக்கொண்டு நடந்தாள்? ஊர்க் கூடத்தில் எல்லோரும் முறைக்க, ரொவீனா தலைகுனிந்து நிற்கிற காட்சி அவள் கண்முன் வந்தது. இனித்தது.

"கேளேன்மா. கேக்கறது நல்ல பழக்கந்தானே" என்றாள்.

ரொவீனா சந்தோஷமாகப் போனாள். பெரில் ஜன்னலருகே வந்து பார்த்தாள். ரொவீனா இன்னும் கோலினின் பண்ணைப் பக்கம் திரும்பவில்லை. தெரு முடக்கில் நின்று யாருடைய நாயையோ தடவிக்கொண்டிருந்தாள். ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்தால் போதும். பாதை, பேசிலின் உழைப்பு, தன் இத்தனை வருட நடை எல்லாம் அப்போதுதான் உறைத்தது. பெரில் கொக்கியில் கை வைத்தாள். நாய்க்காரர் வெளியே வந்தார், ரொவீனா என்னவோ சொன்னாள், மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். பெரிலிடம் அவர் குட் மார்னிங்குக்கு மேல் பேசியதில்லை. பெரில் கொக்கியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

கோலின் பொல்லாதவர் இல்லை. ஒருத்தர்கூடத் தன்னை ஒரு பொருட்டாக மதித்துக் கேட்கவில்லையே என்ற குறை அவருக்கு உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும். ரொவீனா கேட்டதும் உருகிப்போனார். வக்கீலிடம் வாசகம் கேட்டு, இரண்டு நாளில் வேலி இடைவெளியில் வெள்ளைப் பலகை நட்டுவிட்டார். நில உடைமையாளரின் அனுமதியோடு இங்கே நடக்கலாம், அனுமதி எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறப்படலாம் என்று அதில் இருந்தது.

பேசில் பலகையைப் பார்த்துவிட்டு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். முடிந்தது, இனி மனுப் போட்டுப் பிரயோஜனமில்லை என்றார். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது பெரிலுக்கு. நீ அவளிடம் சொன்னாய்தானே என்று கேட்டார். சொன்னேன் என்றாள் பெரில்.

அன்று சாயங்காலமே ஊர்க் கூடத்தில் அவசரக் கூட்டம். பெரில் மனக்கண்ணில் பார்த்ததெல்லாம் அப்படியே நடந்தது. விஷயம் தெரிந்ததும் ரொவீனாவின் முகம் வெளுத்தது. காஞ்சொறிக்குக் கண்ணீர் விட்ட கசாப்புக் கடைக்காரர்தான் முதலில் பாய்ந்தார், லண்டன் மரியாதையெல்லாம் இங்கே யார் கேட்டது என்று. பெரில் முன்கூட்டியே எச்சரித்தும் இப்படிச் செய்யலாமா என்று பேசில் வருத்தத்தோடு கேட்டார்.

ரொவீனா திரும்பிப் பெரிலைப் பார்த்தாள்.

"சொன்னாங்க. நாந்தான் சரியா காதுல வாங்கல. தப்பு என்னோடது" என்றாள் ரொவீனா.

தலை குனிந்துதான் நின்றாள். ஆனால் அந்தக் காட்சி இப்போது இனிக்கவில்லை. இதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள் என்ற எண்ணம் பெரிலைக் கிள்ளியது. கிள்ளிய வேகத்திலேயே எழுந்துவிட்டாள்.

"இல்ல. நான் அவகிட்ட சொல்லவே இல்ல. போய்க் கேளுன்னு சொன்னதே நாந்தான்."

கசாப்புக் கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு, "இதான் பெரில். புதுசா வந்த பொண்ண விட்டுக் குடுக்காம பழிய தன்மேல போட்டுக்கறா பாருங்க" என்றார். யாரோ கை தட்டினார்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று பெரில் இன்னொரு தடவை சொன்னாள். அதற்குக் கைதட்டல் இன்னும் பலமாயிற்று. மூன்றாம் தடவையும் சொல்லியிருக்கலாம், வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசுகிறவள்தானே. சொல்லவில்லை. எத்தனையோ மாதமாக ஏங்கிக் கிடந்த சத்தம் அது. பெருநடைக்குப் பெரிலே தலைமை ஏற்க வேண்டும் என்று ஒருவர் எழுந்து சொல்ல, ஒரு கை பாக்கியில்லாமல் உயர்ந்தது. பேசிலின் கண்கள் கலங்கியிருந்தன.

வாசலில் கோட்டு மாட்டுகிற இடத்தில் ரொவீனாவும் அவளும் தனியாக அகப்பட்டுக்கொண்டார்கள்.

"ஏன் என்னக் காட்டிக் குடுக்கல?" என்று பெரில் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எனக்கு ஒரு நடைதான் போச்சு. உங்களுக்கு அந்தப் பாதையே போச்சே, பெரில்" என்றாள் ரொவீனா. குத்திக் காட்டுகிற தொனி துளியும் இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டாள். பெரிலின் தோளைத் தொட்டுவிட்டு வெளியே போனாள்.

பேசில் வந்து மனைவியின் கையைக் கோத்துக்கொண்டார். இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் உன் மனசு இவ்வளவு பெரிசு என்று எனக்கே தெரியவில்லை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பெரில் உம் கொட்டினாள். முன்னால், மே மாதத்து நீண்ட வெளிச்சத்தில், ரொவீனா தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். யாரும் அவளோடு நடக்கவில்லை. அப்படியும் பெரிலுக்கு அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.